வைக்கோல் தின்னும் கடா

நவம்பர் முதல் வாரத்தில் டெல்லி சரோஜினி நகரில் நடுப்பகல் வெயில்கூடப் பழுப்பாகத்தான் விழும். சந்தையில் ஸ்வெட்டர் விற்பவர்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். கண் எரியும், தொண்டை கமறும். அந்தப் புகையில் வாகனங்களுக்குப் பங்குண்டு, தொழிற்சாலைகளுக்கும் தூசிக்கும் பங்குண்டு. அந்த வாரங்களில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த வயல்களில் கொளுத்தப்படும் வைக்கோலுக்கும் பெரிய பங்கு உண்டு. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் விளைகிறது. காவிரிப் படுகையில் வைக்கோற்போர் பார்த்து வளர்ந்து, மத்திய அரசு வேலைக்காக டெல்லிக்குக் குடிவந்த தமிழருக்கு இது விளங்காத செய்தி. மாட்டுத் தீவனத்தை யாராவது நின்ற இடத்திலேயே கொளுத்துவார்களா?

கொளுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது இரண்டு மூன்று வாரம். நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009-ல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் நாற்று நடவைத் தள்ளிப்போட்டது. அறுவடையும் தள்ளிப்போய் அந்த இடைவெளி இன்னும் சுருங்கியது. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலை அள்ளிக் கட்ட ஆள்கூலி கொடுத்து மாளாது. அங்குள்ள மாடுகளுக்குப் பழகியது கோதுமைத் தாள், அவர்கள் வார்த்தையில் 'பூசா'. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், செரிமானம் குறைவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறான குற்றச்சாட்டு அல்ல. ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்யும் வழி மிக எளியது. அதற்கு வருமுன், வைக்கோலைப் போலவே வடக்கில் வீணாகும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்.

டெல்லியில் 1994-ஆம் ஆண்டின் வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை இறைச்சிக்காகக் கொல்வதைத் தடுக்கிறது. எருமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தலைநகரில் சட்டப்படி விற்கப்படும் மாட்டிறைச்சி எருமையினுடையதுதான். கசாப்புக் கடையில் 'படே கா' என்று கேட்டால் கிடைப்பது அது. வெளிநாட்டுக்குப் போவதும் அதுவே: 2014–15-ல் இந்தியா ஏற்றுமதி செய்த எருமை இறைச்சி ஏறத்தாழ 14.75 லட்சம் டன். உலகின் மிகப்பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று நாம். இவ்வளவு பெரிய தொழிலுக்கு அடியில், இறைச்சிக்கென்றே ஊட்டி வளர்க்கப்பட்ட விலங்கு அநேகமாக இல்லை. பெரும்பகுதி, பால் வற்றிய கிழட்டு எருமைகள்.

கடாக்கள், அதாவது ஆண் எருமைகள், எங்கே போயின? 2019-இல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் பெண் எருமைகள் சுமார் 10 கோடியே 5 லட்சம். ஆண் எருமைகள் சுமார் 93 லட்சம். 2012-இல் இருந்ததைவிட ஆண்களின் எண்ணிக்கை 42 விழுக்காடு சரிந்திருந்தது. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. எண்ணும்போது பதினொரு பெண்ணுக்கு ஓர் ஆண்தான் மிஞ்சுகிறது. டிராக்டர் வந்தபின் ஏருக்கும் வண்டிக்கும் கடா தேவைப்படவில்லை. சினைக்குச் செயற்கை முறைக் கருவூட்டல் போதும். ஹரியானாவில் 'கட்ரா' என்று அழைக்கப்படும் ஆண் கன்று, தாய்க்குப் பால் சுரந்து மடியில் இறங்கும் வரை ஊட்ட விடப்படும், பிறகு இழுத்துக் கட்டப்படும். பால் விற்பனைக்கு. கன்றுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அதை யாரும் கொல்வதில்லை, பட்டினி கொன்றுவிடுகிறது. பல ஆயிரம் கொட்டில்களில் அன்றாடம் நடக்கும் இந்தச் சாவைப் பற்றி நம் நாட்டில் பேச்சே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மத்திய அரசு 11-வது ஐந்தாண்டுத் திட்டத்தில் ஆண் எருமைக் கன்றுகளை மீட்டு வளர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் போட்டது. ஹிசாரில் 1985-இல் தொடங்கிய மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை. அந்த அறிவு என்ன சொல்கிறது என்பதைக் கன்று பிறந்த நாளிலிருந்து பார்ப்போம்.

முர்ரா இன எருமைக் கன்று 30 முதல் 35 கிலோ எடையோடு பிறக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாகவே கிடைத்துவிடும். மாட்டினத்தின் நச்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடு வருகிறது. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால்தான் அதன் காப்பு. 24 மணி நேரத்துக்குள் குடலின் சுவர் அந்தப் பெரிய புரதங்களை முழுதாக உள்வாங்கும் திறனை இழந்துவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று கிலோவுக்குக் குறையாமல், முதல் நாளே உள்ளே போக வேண்டும். அடுத்த ஆபத்து பால் வழியாகவே வருகிறது. டாக்சோகாரா என்னும் உருண்டைப் புழுவின் இளம்பருவம் தாயின் திசுக்களில் உறங்கிக் கிடந்து, கன்று ஈன்றதும் பாலில் இறங்கிவிடும். சில வாரத்தில் கன்றின் குடலை அடைக்கும் அளவுக்குப் புழுக்கள் பெருகும். பிறந்த பத்து நாள் வாக்கில் ஒரு குடற்புழு மருந்து, ஒரு பாக்கெட் பிஸ்கட் விலைகூட ஆகாது, கன்றைக் காப்பாற்றிவிடும்.

இனி வயிறு. பிறந்த கன்றுக்கு நான்கு அறை வயிறு இருந்தாலும் வேலை செய்வது கடைசி அறை மட்டுமே. முதல் அறையான பெருவயிறு சுருங்கிக் கிடக்கும். குடிக்கும் பால் அதைத் தொடாமல் ஒரு மடிப்பு வழியாக நேரே கடைசி அறைக்குப் போய்விடும். இரண்டாம் வாரத்தில் கைப்பிடி தானியமும் புண்ணாக்கும் கலந்த தீவனத்தை நாக்கில் தடவிப் பழக்கினால் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவை தானியத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலம்தான் பெருவயிற்றின் உள்சுவரில் விரல் விரலாக நீட்சிகளை வளர்க்கிறது. வெறும் புல்லைக் கொடுத்தால் பை பெரிதாகும், சுவர் முதிராது. மூன்று மாதத்தில் அது தயார்.

வளர்ந்த மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். வெப்பம் சுமார் 39 டிகிரி, காற்று இல்லை. ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள். மனிதனாலும் கோழியாலும் பன்றியாலும் அதிகம் பயன்படுத்த முடியாத நார்ப்பொருளை அவை சிதைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக்குகின்றன. பெருவயிற்றுச் சுவர் இவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இதுவே. அந்த பாக்டீரியாக்கள் பெருகிப் பின் குடலுக்கு இறங்கும்போது அவையே புரதமாகச் செரிக்கப்படுகின்றன. மாடு வளர்ப்பவர் உண்மையில் இரண்டு உயிர்க்கூட்டங்களுக்குத் தீனி போடுகிறார். இதை மறக்கும் இடத்திலெல்லாம் மாடு படுத்துவிடுகிறது.

மறக்காமல் செய்தவர்களில் முக்கியமானவர் டி. ஆர். பிரெஸ்டன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரிட்டனிலும் நம் கட்ராவின் கதையே நடந்துகொண்டிருந்தது. கறவை இனத்தின் ஆண் கன்றுகளால் லாபம் இல்லை. பல பிறந்த சில நாளிலேயே கசாப்புக்குப் போயின. ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரின் ரோவெட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரெஸ்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் ஃப்ரீஷியன் என்னும் கறவை இனத்தின் ஆண் கன்றுகளை எடுத்து, ஏறத்தாழ 85 விழுக்காடு பார்லியும் 15 விழுக்காடு புரத, தாதுக் கலவையும் கொண்ட தீவனத்தில் வளர்த்தார்கள். புல்வெளி கிடையாது. கொட்டிலிலேயே பத்துப் பன்னிரண்டு மாதத்தில் 400 கிலோ. புல்லில் மேய்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட எடை அது. 'பார்லி மாட்டிறைச்சி' பிரிட்டன் முழுவதும் பரவியது; வீசப்பட்ட கன்றுக்கு விலை வந்தது.

இதில் நுட்பம் பார்லியில் இல்லை, அதைக் கொடுத்த விதத்தில் இருந்தது. பார்லியை மாவாக அரைக்கவில்லை. உருளையில் நசுக்கி, உமி கிழியாமல் கொடுத்தார்கள். மாடு அசைபோடும்போதுதான் உமிழ்நீர் சுரக்கும். நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்கு உமிழ்நீர், அதில் கரைந்த பைகார்பனேட், பெருவயிற்றின் அமிலத்தைத் தொடர்ந்து சமன்படுத்துகிறது. சொரசொரப்பு இல்லாத தீவனத்துக்கு அசைபோடுதல் இல்லை, உமிழ்நீர் இல்லை, அமிலச் சமநிலையும் இல்லை. நார்த்தீவனத்திலிருந்து தானியத்துக்கு மாற்றுவதையும் இரண்டு மூன்று வாரம் எடுத்துப் படிப்படியாகச் செய்ய வேண்டும். நார் தின்னும் பாக்டீரியாக்கள் பின்வாங்கி, மாவுச்சத்து தின்பவை முன்வந்து, அவை வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தைத் தின்னும் மூன்றாம் வகையும் பெருகிய பிறகே மாடு தானியத்தைத் தாங்கும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தை மாதம் பார்க்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, ஆசையோடு பானைச் சோற்றை அள்ளி ஊட்டுகிறோம். வருடம் முழுவதும் வைக்கோலும் புல்லும் தின்ற வயிற்றில் திடீரென்று வெந்த அரிசியும் வெல்லமும் இறங்குகின்றன. வெந்த மாவுச்சத்து பச்சை அரிசியைவிட வேகமாகப் புளிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிக்கக்கூடியது. அது லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அந்த அமிலம் பெருவயிற்றின் வழக்கமான அமிலங்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலியது. 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டிய பி.எச். 5-க்குக் கீழே போகும். இரத்தத்திலிருந்து நீர் பெருவயிற்றுக்குள் இழுக்கப்படும். மாடு தள்ளாடும், பல்லை நறநறக்கும், படுத்துவிடும். ஒரு நாளில் உயிர் போகலாம். கைப்பிடி பொங்கல் அன்பு. ஒரு குடம் பொங்கல் விஷம். இதை ஊர் ஊராகத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். பானையைக் கவிழ்த்துத் தின்ற மாட்டுக்கு ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொடுப்பது பழக்கத்தில் உள்ள முதலுதவி. ஆனால் அதோடு நிற்காமல் மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.

டெல்லித் தெருக்களில் இது தை மாதத்துக்குக் காத்திருப்பதில்லை. புண்ணியத்துக்காக நடைபாதையில் ரொட்டியும் பூரியும் பழைய பிரெட்டும் குவிக்கிறார்கள். தெருவில் திரியும் காளை அதைத் தின்கிறது, கட்டிய பாலிதீன் பையோடு. அந்தப் பை வெளியேறாது. மாட்டின் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கருணா சொசைட்டி என்ற ஆந்திர அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சரி, கட்ராவைக் காப்பாற்ற பார்லி முறையை இங்கே கொண்டுவரலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. மனிதர் உண்ணும் தானியத்தை மாட்டுக்குப் போடும் நாடு பிரிட்டனாக இருக்கலாம். நார்ப்பொருளைக் கரைக்கத் தெரிந்த வயிற்றுக்குத் தானியம் ஊட்டுவது அந்த வயிற்றையே வீணாக்குவது. பிரெஸ்டனே இந்த முடிவுக்குத்தான் வந்தார். 1960-களின் நடுவில் அவர் கியூபாவுக்குப் போனார். அங்கே பார்லி இல்லை, கரும்பு இருந்தது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகோடு யூரியா, கொஞ்சம் மீன்தூள், அளவான பசும்புல் கொடுத்துக் காளைகளை வளர்த்துக் காட்டினார். அதன்பின் வெப்பநாடுகளிலேயே பணியாற்றினார். அவரோடு சேர்ந்து எழுதிய ஆஸ்திரேலிய அறிஞர் ஆர். ஏ. லெங், 1980-களில் குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தோடு இணைந்து வேலை செய்தார். இந்தியக் கொட்டில்களுக்கு, மாடு நக்கித் தின்னும் யூரியா–கழிவுப்பாகுக் கட்டி வந்தது அந்தக் காலத்தில்தான்.

வைக்கோலின் குறையைச் சரிசெய்யும் கணக்கு இதுதான். நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் 3, 4 விழுக்காடு. பெருவயிற்று பாக்டீரியாக்கள் ஒழுங்காகப் பெருக 7 விழுக்காடாவது வேண்டும். அது இல்லாவிட்டால் அவை நாரைத் தின்பதையே குறைத்துவிடும், வைக்கோல் வயிற்றில் தேங்கும், மாடு மேலும் தின்ன முடியாமல் நிற்கும். வயிறு நிறைந்த மாடு மெலிவது இப்படித்தான். பாக்டீரியாவுக்கோ புரதமே தேவையில்லை, நைட்ரஜன் போதும். யூரியா அதைக் கொடுக்கும்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். கரைத்து, அடுக்கடுக்காக வைக்கோலைப் பரப்பித் தெளித்து, மிதித்துக் காற்றை வெளியேற்றி, பாலிதீன் தாளால் இறுக மூடி 21 நாள் விட வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி நாரின் இறுக்கத்தைத் தளர்த்தும், நைட்ரஜனும் ஏறும். பிரிக்கும்போது கண்ணைக் கரிக்கும் வாடை வரும், நிறம் பொன்பழுப்பாக இருக்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால், முதலில் தயங்கும் மாடு சில நாளில் விரும்பித் தின்னும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலை மாடு நேராகக் குடித்துவிட்டால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி அன்றே சாகும். கரைக்கும் இடத்துக்கு மாட்டை அண்ட விடக்கூடாது.

அப்படிப் பதப்படுத்திய வைக்கோலை ஒரு கடாவுக்கு நாளுக்கு 4 கிலோ வைத்தால் ஆண்டுக்கு ஒன்றரை டன். பஞ்சாபின் 2 கோடி டன் வைக்கோல், நாட்டிலுள்ள ஆண் எருமைகள் அத்தனைக்கும் போட்டபின்னும் மிஞ்சும்.

வைக்கோல் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 200 கிலோ எடையுள்ள கடாவுக்கு மூன்று கிலோ வைக்கோல், எட்டுப் பத்துக் கிலோ பசுந்தீவனம், ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் என்பது நடைமுறைக்கு ஒத்த அளவு. அடர்தீவனத்தில் புண்ணாக்கு இருக்க வேண்டும். அதன் புரதத்தில் ஒரு பகுதி பாக்டீரியாவிடமிருந்து தப்பிக் குடலில் நேராகச் செரிக்கும், வளரும் சதைக்கு அது தேவை. பசுந்தழை அறவே இல்லாமல் மாதக்கணக்கில் வைக்கோல் தின்ற கன்று வைட்டமின் ஏ குறைந்து கண் குருடாகும். டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் பர்சீம் என்னும் பசுந்தீவனப் பயிர் கிடைப்பதால் அந்தக் கவலை குறைவு.

குளிர்காலத்துக்கென்று வேறொரு கவலை உண்டு. அது ஆண்களுக்கே உரியது. மலிவாகக் கிடைக்கிறதென்று தவிட்டையே கொட்டுவார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. மிஞ்சிய பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. ஆணின் சிறுநீர்க் குழாய் நீளமானது, குறுகியது, நடுவே வளைந்து மடங்குவது. கல் அங்கே மாட்டிக்கொள்ளும். குளிரில் கடா தண்ணீரும் குறைவாகக் குடிக்கும். வட இந்தியக் கால்நடை மருத்துவமனைகளுக்கு ஜனவரியில் சிறுநீர் அடைத்து வயிறு புடைத்த கட்ராக்கள் வந்துகொண்டே இருக்கும். பல, சிறுநீர்ப்பை வெடித்தபின் வருபவை. தவிட்டைக் குறைத்து, தாது உப்புக் கலவையைச் சேர்த்து, கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்படி பார்த்து, கூடுதலாகக் கல்லுப்பு போட்டுத் தாகத்தைத் தூண்டி, குளிர்ந்துபோகாத தண்ணீர் வைத்தால் கல் உருவாவது பெரிதும் குறையும்.

கோடைக்குத் தேவை தண்ணீர், வேறு விதத்தில். கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட எருமை 45 டிகிரி வெயிலில் தின்பதை நிறுத்திவிடும். குட்டையோ தெளிப்பானோ இல்லாத கொட்டிலில் மே, ஜூன் மாத வளர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

காயடிக்காத ஆண், காயடித்ததைவிட வேகமாக வளரும், கொழுப்பும் குறைவு. அதற்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன்தான் அதை ஆபத்தான விலங்காகவும் ஆக்குகிறது. கன்றுகளாக ஒன்றுசேர்த்த கூட்டத்தை விற்கும் நாள்வரை கலைக்கக்கூடாது, புதிதாக ஒன்றையும் உள்ளே விடக்கூடாது. யார் பெரியவன் என்று ஒருமுறை முடிவானபின் அவை அமைதியாக இருக்கும். ஒரு புதியவன் வந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்: முட்டல், ஏறி மிதித்தல், கால் முறிவு. காவலுக்குப் போகும் ஆள் தனியாக உள்ளே இறங்கக்கூடாது.

கூட்டத்தைக் கலக்கக்கூடாது என்ற விதி கடைசி நாளில் முழு வலிமையோடு வந்து நிற்கிறது. பழைய டெல்லியின் ஈத்கா அறுப்புக்கூடம் மூடப்பட்டு 2009-இல் காஜிப்பூருக்கு மாறியது. அப்படியொரு கூடத்துக்குப் போகும் லாரியில் வெவ்வேறு ஊர்க் கடாக்களைக் கலந்து ஏற்றினால் இரவெல்லாம் முட்டிக்கொண்டே போகும். சதையில் சேமித்திருந்த கிளைக்கோஜன் தீர்ந்துவிடும். அறுத்தபின் அந்தக் கிளைக்கோஜன்தான் லாக்டிக் அமிலமாகி இறைச்சியின் பி.எச்.சை 7-லிருந்து 5.6 வரை இறக்க வேண்டும். தீர்ந்துபோனால் பி.எச். 6-க்கு மேலேயே நிற்கும். இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும்.

இந்தியாவுக்கு அது வெறும் தரப் பிரச்சினை அல்ல. கோமாரி நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியாததால், ஏற்றுமதியாகும் எருமை இறைச்சியில் எலும்பும் நிணநீர்க் கணுக்களும் நீக்கப்பட வேண்டும். உடற்பாகம் 24 மணி நேரம் குளிரறையில் பதப்பட்டு, சதையின் பி.எச். 6-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கோமாரி வைரஸ் அமிலத்தைத் தாங்காது. சதைக்குள் அதைக் கொல்வது அந்த அமிலமே. முந்தைய இரவு கடாவுக்கு ஓய்வும் தண்ணீரும் பழகிய துணையும் கிடைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் மறுநாள் அந்த அமிலம் போதிய அளவு உண்டாகும்.